வலது மேல் மூலை

நாக்பூர்
14.9.2024, சனிக்கிழமை

என் பிரியமான சித்ரலேகாவுக்கு,

ஃபெபி எழுதுவது. நானும் என் புருஷன் கிங்ஸ்டனும் நல்ல சுகம். நீயும் மகேஸ்வரன் அண்ணாச்சியும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நாம் மாறி மாறி வரையும் நோட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, புத்தகமா என்று இந்தியில் கேட்டார். எங்கள் ஊர் ஆறு என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை.

பதவி உயர்வு என்று சொல்லி வங்கிக்காரர்கள் என்னை இங்கே தூக்கிப் போட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் சனிக்கிழமை காலை ஆறரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நாம் சேர்ந்து வரைந்த குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போக வழியில்லாமல் பால்கனியில் உட்கார்ந்து கீழே நிற்கும் இஸ்திரி வண்டியை வரைந்தேன். அது உன் குறுக்குத்துறைப் படத்துக்கு எதிர்ப்பக்கம். இடது பக்கம் உனக்கு, வலது பக்கம் எனக்கு. பென்சில் கிடையாது, அழிப்பது கிடையாது, தாளைக் கிழிப்பது கிடையாது. சட்டத்தை நான் மீறவில்லை. இஸ்திரிப் பெட்டியின் மேல் ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது. அதையே புகையாக்கிவிட்டேன்.

உன் படத்தில் கல்மண்டபம், படித்துறை, துவைக்கிற கல் எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஆனால் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது வலது பக்கம் மேலே நீ வெறுமையாக விட்ட இடத்தைத்தான். அங்கே இருக்கும் பெரிய மருத மரத்தை வரையாமல் விட்டிருக்கிறாய். முன்பெல்லாம் தாளின் ஓரம்வரை இலை இலையாகக் குத்தி நிரப்புவாய். இப்போது விடத் தெரிந்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, ஏட்டி. வழக்கம்போல் கேட்கிறேன், மரத்தை ஏன் விட்டாய்? வரைந்ததற்குக் காரணம் வேண்டாம், விட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பதுதானே நம் ஒப்பந்தம்.

இப்போதும் வலது கண்ணைச் சாத்திக்கொண்டு, பேனாவை நீட்டிப் பிடித்து அளந்துதான் வரைகிறாயா? என் கவுண்டருக்கு எதிரே வரிசையில் நின்றுகொண்டு, சலானின் பின்பக்கத்தில் நீ அப்படி என் மூக்கை அளந்ததைப் பார்த்துத்தானே நான் எழுந்து வந்து உன்னிடம் பேசினேன். உனக்குப் பின்னால் நின்றவர்கள் நம் இரண்டு பேரையும் ஏசியது இன்னும் காதில் இருக்கிறது.

சீக்கிரம் பதில் போடு. போனில் படம் எடுத்து அனுப்பினால் பார்க்க மாட்டேன். எனக்குத் தாளைத் தடவிப் பார்க்க வேண்டும்.

உன்
ஃபெபி


பாளையங்கோட்டை
6.10.2024

அன்புள்ள ஃபெபி,

கடிதமும் நோட்டும் கிடைத்தன. இங்கே எல்லாரும் நலம். இஸ்திரி வண்டி நன்றாக இருக்கிறது. சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லை. என்னை மாதிரிக் கணக்கு டீச்சரிடம் காட்டினால் இதைத்தான் சொல்வாள். புகை அருமை.

மரத்தை ஏன் விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே மரம் இருப்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை. தாளில் கொஞ்சம் காற்று வரட்டும் என்று கை தானாக விட்டிருக்கும். நீ பாராட்டிய பிறகு, அது நான் யோசித்துச் செய்ததுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். வருகிற பாராட்டை வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஆம், வலது கண்ணைச் சாத்திக்கொண்டுதான் வரைகிறேன். ஒற்றைக் கண்ணில் பார்த்தால்தான் எனக்கு அளவு நிற்கும்.

நீ போன பிறகு சனிக்கிழமைகளில் தனியாகத்தான் போகிறேன். வாரமெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு, ஆற்றங்கரையில் உட்கார்ந்து நிப்பை மையில் தொட்டால்தான் எனக்கு மூச்சு இறங்குகிறது. ஒரு கோட்டை இழுக்கும்போது அடுத்த கோட்டைத் தவிர வேறு கவலை இல்லை. அழிக்க முடியாது என்பதால் அவசரமும் வருவதில்லை. வீட்டில் இதைச் சொன்னால், ஐந்து ரூபாய் மைக்கு இவ்வளவு தத்துவமா என்று சிரிக்கிறார்கள். உனக்குத்தான் இது விளங்கும். அதனால்தான் நீ அவ்வளவு தூரம் போனதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இந்த மாதம் எனக்கு நேரம் சரியில்லை. மேலப்பாளையத்தில் ஆபிதா பீவி டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு ஆட்டோ என் ஸ்கூட்டர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. சண்டைக்குப் போனால், "யக்கா, நான் ஆரன் அடிச்சிக்கிட்டேதான் வாரேன். நீங்க பாட்டுக்கு வண்டிய வலது பக்கம் ஒடிக்கியளே" என்று அந்த ஆள் என்னையே ஏசினான். வீட்டிலும் நிலையில், அலமாரிக் கதவில் எல்லாம் தோளை இடித்துக்கொள்கிறேன். "என்னட்டி, கண்ணை எங்கன வச்சிக்கிட்டு நடக்க?" என்று இவர் கேட்கிறார். வயது ஐம்பதைத் தொடப்போகிறதே, கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும்.

இந்தத் தடவை இடது பக்கத்தில் ஆழ்வார்திருநகரிக் கோபுரம். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்
சித்ரா


நாக்பூர்
17.11.2024

என் பிரியமான சித்ராவுக்கு,

ஒரு நல்ல சேதி. லீவு கிடைத்துவிட்டது! டிசம்பர் 19 வியாழக்கிழமை வந்து 26 வரை இருப்பேன். தம்பி எபி வீட்டில்தான் தங்குகிறோம். உன் வீட்டில் தங்கவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. அவன் மனைவி ஏற்கெனவே போர்வை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டாளாம்.

இன்னொன்று. எங்கள் கோயிலில், அதாவது உன் பேச்சில் சர்ச்சில், 22 ஞாயிறு சாயங்காலம் கிறிஸ்துமஸ் கீத ஆராதனை. பாடகர் குழுவை நடத்தும் தேவசிகாமணி சார் போன் பண்ணினார். "அடிக்குரல் பாட ஆளில்ல தாயி. ஊருக்கு வாரதுதான் வார, வந்து நின்னு பாடிரு" என்றார். நான் பாடுகிறேன். நீ வழக்கம்போல் முன்வரிசையில் உட்கார்ந்து எங்களை வரை. நோட்டை இத்துடன் அனுப்பிவிட்டேன். உன்னிடமே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், 21 சனிக்கிழமை காலை ஆறரைக்குக் குறுக்குத்துறைப் படித்துறை. நீ, நான், இரண்டு பேனா, ஒரு மைப்புட்டி. இதை மட்டும் யாருக்காகவும் விட மாட்டேன்.

கோபுரத்தின் வலது தோளை வெறும் தாளில் கரைத்துவிட்டாயே, அது எப்படி வந்தது? வந்ததும் சொல்லிக்கொடு.

உன்
ஃபெபி


பாளையங்கோட்டை
2.1.2025

அன்புள்ள ஃபெபி,

புத்தாண்டு வாழ்த்துகள். சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

மனதில் வைத்துக்கொண்டு இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. சனிக்கிழமை ஆறரையிலிருந்து ஒன்பதரைவரை படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். உனக்கென்று ஒரு பேனா, புது நிப்பு, பிளாஸ்கில் காப்பி. ஒன்பதரைக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. பாட்டுப் பயிற்சியைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள், மன்னித்துக்கொள் என்று. பயிற்சி ஏழு மணிக்கே தொடங்கியதாம். அந்த ஒரு வரியை ஆறு மணிக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டு பேர் காப்பியையும் நானே குடித்தேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று உங்கள் கோயிலுக்கு வந்தேன். நீ சொன்னபடி முன்வரிசையில் உட்கார்ந்தேன். பாதி விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். குழுவில் உன்னைத் தேடினேன். நீ இல்லை. எனக்காகத்தான் வரவில்லை, பாட்டுக்காகவாவது வந்து நிற்பாய் என்று நினைத்தேன். அங்கே இருந்தவர்களை வரைந்துகொண்டு, முடிந்த உடனே பஸ் பிடித்து வந்துவிட்டேன். அதன் பிறகு நீ இரண்டு தடவை போன் செய்தபோது எடுக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது.

படம் இடது பக்கத்தில் இருக்கிறது. தேவசிகாமணி சாரின் கை நன்றாக வந்திருக்கிறது.

சித்ரலேகா


நாக்பூர்
12.1.2025

சித்ராவுக்கு,

சனிக்கிழமைக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். தப்பு என்னுடையதுதான். முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும். பயிற்சி முடிந்து ஓடி வந்துவிடலாம் என்று நினைத்து, நேரம் போவது தெரியாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் நீ செய்தது தப்பு இல்லை சித்ரா, வேண்டுமென்று செய்தது. நான் அங்கேதான் நின்றேன். பின்வரிசையில், உனக்கு வலது கைப் பக்கம் கடைசி ஆள், தூணுக்குக் கீழே, கையில் மெழுகுவர்த்தியோடு. நீ ஒரு கண்ணைச் சாத்திப் பேனாவை எங்களை நோக்கி நீட்டினாய். நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அளக்கிறாய், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் உன்னைத் தேடி வாசல்வரை ஓடி வந்தேன்.

இப்போது படத்தைப் பார்க்கிறேன். குழுவில் பதினாறு பேர். நீ வரைந்தது பதினைந்து. கீபோர்டின் ஒயரைக்கூட வரைந்திருக்கிறாய். என் பக்கத்தில் நின்றவளின் சேலைக்கரை வரைந்திருக்கிறாய். என்னை மட்டும் காணோம். போதாததற்கு நான் வரவே இல்லை என்று எழுதுகிறாய். எபி போனில் எடுத்த வீடியோவில் நான் இருக்கிறேன். அனுப்பட்டுமா?

விட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது நம் ஒப்பந்தம். இதற்கு நீ காரணம் சொல்ல வேண்டாம். எனக்கே விளங்கிவிட்டது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் என்ன வரைய? வெறுமையாகவே கிடக்கிறது.

ஃபெபி


பாளையங்கோட்டை
20.1.2025

ஃபெபிக்கு,

வீடியோ வேண்டாம். இருபத்தாறு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். இருப்பதை இல்லை என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை. நான் உன்னைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லைதான். என்னைப் பொய்க்காரி என்று நினைக்கிறவளோடு உட்கார்ந்து என்னால் படம் வரைய முடியாது.

நோட்டு உன்னிடமே இருக்கட்டும். அதில் இனி எனக்குப் பக்கம் இல்லை. இந்தச் சனிக்கிழமை ஆற்றுக்குப் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை.

நலமாக இரு.

சித்ரலேகா


நாக்பூர்
1.3.2025

என் சித்ராவுக்கு,

இதைக் கிழித்துப் போட்டுவிடாதே. ஐந்து தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நேற்று அலமாரியை ஒதுக்கும்போது கிங்ஸ்டன் நம் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். கீத ஆராதனைப் பக்கத்தில் நின்றுவிட்டான். "சித்ராவுக்கு ஒம் மேல கோவம்னா ஒன்னை விட்டாச் சரி. ஏணி வச்சு ஏறி நான் கட்டுன நட்சத்திரத்த ஏன் விட்டா? கீழ எறங்குமுன்ன எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

என் தலைக்கு மேலே அந்தத் தூணில் ஒரு பெரிய காகித நட்சத்திரம் தொங்கியது. உள்ளே பல்பு எரிந்தது. அது உன் படத்தில் இல்லை. தூணும் பாதியில் நின்றுவிடுகிறது. என்மேல் கோபம் சரி, நட்சத்திரமும் தூணும் உன்னை என்ன செய்தன?

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். என் பக்கங்களைப் பார்க்கவில்லை, உன்னுடையதை மட்டும். 2023 அக்டோபரில் முதல் படம், ஓரம்வரை நிறைந்திருக்கிறது. போன வருஷம் மார்ச்சில் வலது மேல் மூலையில் ஒரு விரல் அகலம் காலி. ஆகஸ்டில் மருத மரம் இல்லை. அக்டோபரில் கோபுரத்தின் தோள் இல்லை. டிசம்பரில் நான் இல்லை. எல்லாம் ஒரே மூலை, சித்ரா. வேண்டுமென்று விடுகிறவள் ஒரு நாளாவது வேறு மூலையை விடுவாள்.

அதைத்தான் நான் அழகு என்று எழுதினேன். பொறாமையாக இருக்கிறது என்று எழுதினேன். சொல்லிக்கொடு என்று கேட்டேன். நினைக்க நினைக்க எனக்கு அழுகையாக வருகிறது. ஆட்டோ வந்ததும் வலது பக்கம்தானே? உன் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போனதை வயசு என்று விட்டுவிட்டோம் என்று நீ ஒரு நாள் படித்துறையில் சொன்னாய். அதுவும் இப்போது ஞாபகம் வருகிறது.

எனக்கு வைத்தியம் தெரியாது. உன் கோடு தெரியும். இப்போதே ஒன்று செய். வலது கண்ணைச் சாத்து. எதிரே சுவரில் ஒரு ஆணியை மட்டும் பார். கண்ணை அதிலிருந்து எடுக்காமல், வலது கையை முன்னால் நீட்டி, கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலது பக்கமாக வைத்து விரலை ஆட்டு. விரல் தெரிந்தால் நான் பைத்தியக்காரி, என்னை நன்றாக ஏசி எழுது. தெரியாவிட்டால், நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, போ.

நோட்டையும் இத்துடன் வைத்து அனுப்புகிறேன். உன் பக்கத்தை உனக்கே திருப்பித் தருகிறேன்.

உன் ஃபெபி


பாளையங்கோட்டை
16.3.2025

என் அன்புள்ள ஃபெபி,

அன்று போனில் நான் பேசியதை விட அழுததுதான் அதிகம். ஒன்றும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது அடுப்படியில் நின்றேன். காலண்டர் ஆணியைப் பார்த்து, நீ சொன்னபடி செய்தேன். விரலை ஆட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை. இருட்டாக இருந்தால்கூடப் பயந்து எப்போதோ ஓடியிருப்பேன். இருட்டு இல்லை ஃபெபி, சும்மா சுவர் இருந்தது. என் விரல் ஆடுவது எனக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. இவரைக் கூப்பிட்டேன். "கையை நல்லா ஆட்டு" என்றார். "ஆட்டிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் இளம்பெண். என் பள்ளிக்கூடத்தில் படித்தவளாம், எனக்கு ஞாபகமில்லை. இடது கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்திருக்கிறது. கிளாக்கோமா என்று பெயர். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. வலது கண் முக்கால்வாசி ஈடுகட்டியதால் எனக்கே தெரியவில்லை. வலது கண்ணைச் சாத்திக்கொண்டு வரைந்ததால் தாளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. "போனது திரும்பி வராது டீச்சர். இருக்கத நாம விடாமப் பாத்துக்கிடலாம். வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வருசம் கழிச்சு வந்திருந்தா எங்கிட்டயும் வழியிருந்திருக்காது" என்றாள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டாள். பாங்கில் வேலை பார்க்கும் ஒரு சிநேகிதி என்றேன். அவளுக்குச் சிரிப்பு. நான் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

இனி ஆயுசுக்கும் ராத்திரி ஒரு சொட்டு மருந்து. இவரே போட்டுவிடுகிறார். மூக்கில் பாதி, கண்ணில் பாதி விழுகிறது.

ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவில் ஒரு தாள் கொடுத்தார்கள். என் பார்வையின் படம். தெரிகிற இடம் வெறும் தாள். தெரியாத இடத்தில் புள்ளி நெருங்கி நெருங்கிக் கறுப்பாகிவிட்டது. நாம் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நிழல் கொடுப்பது மாதிரியேதான் இருக்கிறது. அதை நோட்டில் ஒட்டியிருக்கிறேன். இந்தத் தடவை இடது பக்கம் அதுதான். எதிர்ப்பக்கத்தில் நீ என்ன வேண்டுமானாலும் வரை.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் கோயிலில் கண் மட்டும் என்னை ஏமாற்றவில்லை. சனிக்கிழமைக் கோபம் எனக்குள் இருந்தது. ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தால் உன்னைப் பார்த்திருப்பேன். இல்லை என்று நினைக்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. அதனால் கண் பாதி, கோபம் பாதி. கோபத்துக்குச் சொட்டு மருந்து இல்லை. என்னை மன்னித்துக்கொள். நீ வரவில்லை என்று எழுதியதற்கும், நோட்டில் என் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டதற்கும், எடுக்காத எல்லாப் போனுக்கும்.

நேற்று சனிக்கிழமை. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாகக் குறுக்குத்துறைக்குப் போனேன். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு, மெல்லத் தலையைத் திருப்பினேன். மருத மரம் அங்கேதான் நின்றது. எவ்வளவு பெரிய மரம், ஃபெபி! நம் ஒப்பந்தத்தில் அழிக்கத்தான் கூடாது, சேர்க்கலாம். பழைய படத்தில் அதைச் சேர்த்துவிட்டேன். இரண்டு கண்ணால் பார்த்து வரைந்ததால் அளவு தப்பி, மரம் மண்டபத்தை விடப் பெரிதாகிவிட்டது. இருக்கட்டும்.

கோபுரத்தின் தோளையும் போய்ச் சேர்த்துவிடுவேன். கீத ஆராதனைப் படத்தை மட்டும் தொடவில்லை. வீடியோவைப் பார்த்து உன்னை வரைய மாட்டேன். மே மாதம் லீவு போட்டுவிட்டு வா. இந்தத் தடவை எபி மனைவி போர்வை துவைக்க வேண்டாம், நான் துவைக்கிறேன். தேவசிகாமணி சாரிடம் கோயில் சாவி கேட்டு வைத்திருக்கிறேன். அதே தூணுக்குக் கீழே மெழுகுவர்த்தியோடு நின்று பாடு, சிரி. நான் தலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

கிங்ஸ்டனிடம் நட்சத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொல். மே மாத வெயிலில் நட்சத்திரம் கட்டினால் பாளையங்கோட்டையே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன்
சித்ரா